பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஊர்

என் கைப்பேசியில் ஒரு நண்பனின் பெயருக்குப் பக்கத்தில் 'புனே' என்று இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரே விடுதி, பிறகு புனேயில் இரண்டு ஆண்டுகள் ஒரே அறை. 2013-இல் நான் பெங்களூருவுக்கு மாறினேன். அதன்பின் ஹைதராபாத், இப்போது சென்னை. எங்களுக்குள் சண்டை ஏதும் வந்ததில்லை. மாதம் இருமுறை பேசியது பொங்கல், தீபாவளி வாழ்த்தாகச் சுருங்கியது. ஒரு வருடம் அதுவும் விட்டுப்போனது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த எண்ணை நான் அழைக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

இப்படி உறங்கிக் கிடக்கும் நட்புகளைச் சமூக உளவியல் ஆய்வாளர்கள் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது: நாம் பயப்படுகிற இடம் ஒன்று, சிக்கல் இருக்கிற இடம் வேறொன்று.

முதலில், நட்பு எப்படி நழுவுகிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போன 24 இளைஞர்களின் தொலைபேசி அழைப்புகளை 18 மாதங்கள் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. அந்தக் காலத்தில் அவர்களுடைய நட்பு வட்டத்தில் பழையவர்கள் பலர் போய்ப் புதியவர்கள் வந்திருந்தார்கள். ஆனால் முதலிடத்தில் இருப்பவருக்கு எத்தனை பங்கு அழைப்பு, அடுத்தவருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. டவுன் பஸ்ஸைப் போலத்தான்: இருக்கைகள் அதேதான், ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்காருகிறவர்கள் மாறுகிறார்கள். பெங்களூருவில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் நெருங்கிய நண்பரானபோது, புனே நண்பனின் இடம் யாரும் சொல்லாமலே அவருக்குப் போயிருக்கிறது.

இந்த ஆய்வை நடத்திய குழுவில் ஒருவரான ராபின் டன்பார் இன்னொன்றையும் கவனித்தார். பிரிந்துபோனாலும் உறவினர்மீதான நெருக்கம் பெரிதாகக் குறைவதில்லை. நண்பர்கள்மீதான நெருக்கம் குறைகிறது. பெண்களின் நட்பைப் பேச்சு தாங்கிப் பிடிக்கிறது. ஆண்களுக்குப் பேச்சு மட்டும் போதவில்லை, சேர்ந்து எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது. நாங்கள் ஞாயிறுதோறும் சிங்ககட் கோட்டை ஏறியவர்கள். தொலைபேசியில் மலை ஏற முடியாது. (நேரில் பார்க்காமலே நட்பாக இருந்த கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சொல்வீர்கள். அவர்கள் விதிவிலக்கு, அதனால்தான் பாட்டில் ஏறினார்கள்.)

நம் ஊரில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2015 ஜூலை வரை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தின் (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான பகுதி) கைப்பேசி எண்ணை இன்னொரு வட்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாமல் இருந்தது. வட்டம் மாறினால் ரோமிங் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அல்லது புது சிம் வாங்க வேண்டியிருந்தது. "இது என் புதிய எண்" என்று எல்லோருக்கும் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பலர் பதிவு செய்துகொள்ளவே இல்லை. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். திருமணத்தோடு ஊர் மாறும், பலருக்குத் தந்தையின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும். பிறகு பள்ளித்தோழி எந்தப் பெயரைப் போட்டு எங்கே தேடுவாள்?

சரி, இத்தனை ஆண்டுகளில் என்ன மிஞ்சியிருக்கும்? நாம் நினைப்பதைவிட நிறையவே. 1975-இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாஹ்ரிக் தன் குழுவினருடன் 392 பேருக்கு அவர்களுடைய பள்ளி ஆண்டுமலரின் படங்களைக் காட்டிச் சோதித்தார். பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் ஆனவர்கள்கூடப் பத்தில் ஒன்பது வகுப்புத்தோழர்களின் முகங்களை அடையாளம் கண்டார்கள். தாமாக நினைவுகூர்ந்து பெயர் சொல்வதில்தான் தடுமாறினார்கள்.

முகம் சரி, நம்பிக்கை? டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 200-க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகளிடம், மூன்று ஆண்டுகளாவது தொடர்பு அறுந்துபோன ஒருவரை அழைத்துத் தங்கள் வேலை பற்றி ஆலோசனை கேட்கச் சொன்னார்கள். பலருக்கு இது பிடிக்கவில்லை. பேசி முடித்த பிறகு கருத்து மாறியது. தினமும் பழகுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பழைய நண்பரோ இத்தனை நாள் வேறு உலகத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், புதிதாகச் சொல்ல அவரிடம் விஷயம் இருக்கிறது. அதேவேளை முன்பு நெருங்கிப் பழகியவர்களிடையே பழைய நம்பிக்கையும் போய்விடவில்லை. புதியவரிடம் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி, அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவழிக்க வேண்டும். பழைய நண்பரிடம் அந்த 200 மணி நேரத்தை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

அப்படியானால் ஏன் அழைப்பதில்லை? லாரா அக்னின், ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராம் இருவரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு சற்றுச் சங்கடப்படுத்துவது. பங்கேற்றவர்கள் பேச விரும்பும் பழைய நண்பர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடர்பு எண் கையில் இருந்தது. செய்தியை எழுதவும் நேரம் கொடுத்தார்கள். அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய நண்பரைத் தொடர்புகொள்வதும், முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பதும், குப்பை பொறுக்குவதும் மக்களுக்கு ஏறக்குறைய ஒரே அளவு தயக்கத்தையே தந்தன. நீண்ட இடைவெளி நண்பரை அந்நியராக்கிவிடுகிறது, நம் மனக்கணக்கில் மட்டும்.

அறிவுரை இங்கே எடுபடவில்லை. "அவர் மகிழ்வார்" என்று எடுத்துச் சொல்லியும் பெரிய மாற்றமில்லை. பயன் தந்தது ஒரு சாதாரண உத்தி: முதலில் சில நிமிடங்கள் இப்போது பழக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அந்தக் கையோடு பழைய நண்பருக்கும் அனுப்புவது. அப்படிச் செய்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் அனுப்பினார்கள். கிணற்றில் குதிக்கும் முன் காலை நனைத்துக்கொள்வது போல.

மனக்கணக்கு எங்கே தவறுகிறது என்பதை 2022-இல் பெகி லியூவும் அவர் குழுவினரும் காட்டினார்கள். அனுப்புகிறவர் 'என்ன எழுதுவது, எப்படித் தொடங்குவது' என்று தன் பக்கத்தையே பார்க்கிறார். பெறுகிறவரின் கவனம் எதிர்பாராமல் வந்ததன் வியப்பில் இருக்கிறது. வியப்பு கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. நாம் எதைக் கூச்சமாக நினைக்கிறோமோ, அந்த நீண்ட இடைவெளிதான் அங்கே வியப்பைக் கூட்டுகிறது.

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நம் ஊரில் பல வருடம் கழித்து "நலமா?" என்று வந்தால் முதலில் எழுவது சந்தேகம். கடன் கேட்பானோ, இன்சூரன்ஸ் பாலிசி விற்பானோ, இது அவன்தானா அல்லது அவன் பெயரில் யாராவது மோசடிக்காரனா? எழுத்தில் இந்தச் சந்தேகம் தீராது, குரலில் தீரும். அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகியோரின் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது: தொலைபேசியில் பேசினால் கூச்சமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பேசிய பிறகு, மின்னஞ்சல் அனுப்பியவர்களைவிடக் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள்; கூச்சம் கூடவில்லை.

ஆகவே அழைத்தேன். "ஒரு உதவியும் வேண்டாம், சும்மாதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம் இருவரும் செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசினோம். பிறகு அவன் வாயிலிருந்து ஒரு 'ஏலே' வந்தது, என் சென்னைத் தமிழ் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. யாரோடு பேசுகிறோமோ அவரை நோக்கி நம் உச்சரிப்பும் சொற்களும் நகர்வதை ஹோவர்ட் கைல்ஸ் என்ற மொழி உளவியலாளர் 1970-களிலேயே விளக்கியிருக்கிறார். இருவரும் ஒரே பழைய இடத்தை நோக்கி நகர்ந்தால் அது விரைவாகவே நடக்கும்போலிருக்கிறது.

அவன் இப்போது வதோதராவில் இருக்கிறான். அவன் கைப்பேசியில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் 'பெங்களூரு' என்றுதான் இருக்கிறதாம். மாற்றிவிடச் சொன்னேன். எந்த ஊரைப் போடுவது என்று கேட்டான்.