மெடிக்கல் கடையோடு முடிந்துபோகும் பேதி

பொங்கல் கழிந்த மறுவாரம் ஓ.பி.க்கு ஒரு கைக்குழந்தை வந்தது. பதினொரு மாதம். முதல் நாள் ராத்திரி நாலைந்து முறை வாந்தி, விடிந்ததிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போகிறது, லேசான காய்ச்சல். "பல்லு முளைக்குது டாக்டர், அதான்" என்றார் பாட்டி. காலையிலேயே தொக்கம் எடுத்தாயிற்று. மெடிக்கலில் பேதி நிற்க ஏதோ மருந்தும் வாங்கிக் கொடுத்தாயிற்று. எதிர்வீட்டுக் குழந்தைக்கும் பக்கத்துத் தெருவில் இன்னொன்றுக்கும் இதே மாதிரிதானாம். "அதுங்களுக்கு மெடிக்கல்லயே சரியாப்போச்சு."

அன்றைக்கு என் நோட்டில் ஏறியது ஒரு குழந்தை. ஊரில் இருந்தது குறைந்தது மூன்று.

நோய்க் கண்காணிப்பில் எங்களுக்குள்ள பெரிய ஓட்டை இதுதான். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதார செவிலியர் பார்த்த அறிகுறிகள் எஸ் படிவத்தில், டாக்டர் ஊகித்த நோய் பி படிவத்தில், ஆய்வகம் உறுதி செய்தது எல் படிவத்தில். முன்பு வாராவாரம் மாவட்டத்துக்குப் போகும். 2021-லிருந்து எல்லாம் புது இணையதளத்துக்கு மாறிவிட்டது, அன்றன்றைக்கே ஏற்றலாம். ஆனால் மெடிக்கல் கடைக்காரருக்கு அதில் ஒரு கட்டம் கிடையாது.

அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் வைரஸின் பெயர் தெரிவது அபூர்வம். மலத்தை நாங்கள் பெரும்பாலும் கல்ச்சருக்குத்தான், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குத்தான் அனுப்புகிறோம். அதில் காலரா கிருமி போன்ற பாக்டீரியா வளரும், வைரஸ் வளராது. 'வளர்ச்சி இல்லை' என்று தாள் வரும். கோப்பை மூடிவிடுவோம்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குழந்தைகளுக்குப் பேதி தரும் ரோட்டா வைரஸே சாட்சி. 2005 வாக்கில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர் ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, பேதியால் அட்மிட் ஆகும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலத்தைத் தொடர்ந்து பரிசோதிக்க ஏற்பாடு செய்தது. பத்தில் ஏறக்குறைய நான்கு குழந்தைகளுக்கு ரோட்டா. குளிர் மாதங்களில் இன்னும் கூடுதல். இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் தடுப்பு மருந்துக்காக வாதாட முடிந்தது. டெல்லியில் பிறந்த ஒரு பச்சிளங்குழந்தையின் மலத்தில் கிடைத்த வைரஸிலிருந்து உருவான மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சோதித்தார்கள். 2016-இல் நான்கு மாநிலங்களில் கொடுக்க ஆரம்பித்து, 2017-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 6, 10, 14-ஆவது வாரங்களில் வாயில் கொடுக்கும் மருந்து இது. போட்ட குழந்தைக்குப் பேதியே வராது என்று சொல்ல மாட்டேன். ட்ரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போவது நன்றாகக் குறையும்.

வாந்தி-பேதி தரும் இன்னொரு வைரஸான நோரோ வேறு ரகம். அதற்குத் தடுப்பு மருந்து இல்லை, பெரியவர்களையும் விடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு காதுகுத்து விருந்தில் சாப்பிட்டவர்களில் நாற்பது பேருக்கு மறுநாள் சாயங்காலத்திலிருந்து வாந்தி. ஊரே பாயசத்தைக் குற்றம் சொன்னது. நாங்கள் உட்கார்ந்து லைன் லிஸ்ட் எழுதினோம்: பெயர், வயது, தெரு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எதைச் சாப்பிட்டார், எந்தத் தண்ணீர் குடித்தார். பாயசம் தொடாதவர்களும் படுத்திருந்தார்கள். வெங்காயப் பச்சடி தொடாதவர்கள்தான் தப்பியிருந்தார்கள். பச்சடி பிசைந்த சமையல்காரரைத் தேடிப் பிடித்தால், அவருக்கு விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் வாந்தி-பேதி. "விருந்துக்கு முதநாளே நின்னுபோச்சு சார்" என்றார். நின்றாலும் வைரஸ் மலத்தில் பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. சானிடைசரை நம்பியும் பயனில்லை, இந்த வைரஸ் அதற்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அது நோரோதான் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியவில்லை, ஏனென்றால் வழக்கம்போல கல்ச்சருக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தோம்.

2021 நவம்பரில் வயநாட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு நோரோ என்று செய்தி வந்தபோது, "கேரளாவுல புது வைரஸாமே?" என்று என்னைக் கேட்காதவர் இல்லை. 1968-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய வாந்தியிலிருந்து பிடிபட்ட வைரஸ் அது. வயநாட்டில் மலத்தை ஆலப்புழை வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், பெயர் தெரிந்தது. நம்மிடம் இல்லை என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம்.

ஆய்வகம் இல்லாவிட்டாலும் லைன் லிஸ்டே பாதி சொல்லிவிடும். அங்கங்கே சிதறின வீடுகளில் கைக்குழந்தைகள் மட்டும், குளிர்காலத்தில், வாந்தியில் ஆரம்பித்தால் ரோட்டா மேல் சந்தேகம். ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் ஒன்றிரண்டு நாளுக்குள் படுத்தால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரே குழாய்வழியில் சின்னவர் பெரியவர் என்று கலந்து விழுந்தால் தண்ணீர். பெரியவர் ஒருவர் பேதியில் அடியோடு நீர்வற்றி வந்தால் அந்த ஒருவரே போதும், காலராவாக இருக்குமோ என்று அன்றைக்கே ஓடுவோம்.

அந்தப் பதினொரு மாதக் குழந்தைக்கு வருவோம். பாட்டி ஓ.ஆர்.எஸ். கொடுத்திருந்தார், சந்தோஷம்தான். ஆனால் அரை பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்திருந்தார். பெரிய பாக்கெட் முழுசும் ஒரு லிட்டருக்கு. அதைவிடக் கெட்டியானால் உப்பு ஏறி ஆபத்து. பேதியை நிறுத்தும் மாத்திரை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாகம் தினம் 20 மில்லிகிராம், 14 நாள், பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, மூத்திரம் குறைந்து, துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த வாரமே பஸ் ஸ்டாப் மெடிக்கல் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். ஒரே நாளில் ஐந்து பேருக்கு மேல் பேதிக்கு என்று வந்தால் ஒரு போன் போடுங்கள், பெயர்கூட வேண்டாம் என்றேன். "வியாபாரத்தைக் கெடுக்கவா டாக்டர்" என்று சிரித்தார். அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"டாக்டர், இன்னிக்கு ஏழு பேரு."

"குழந்தைங்களாண்ணே?"

"கலந்துதான். அஞ்சு பேரு மேலத்தெரு."

சுகாதார ஆய்வாளரும் நானும் கிளம்பினோம். மேலத்தெரு கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் சோதனைச் சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள் வரவே இல்லை.