லிஸ்டில் ஏன் சதுர அடைப்புக்குறி இல்லை?

குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "பேச்சிப்பாறை அணையின் தினசரி நீர்மட்டத்தை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்கிறேன். பைத்தானில் லிஸ்ட் எடுத்து மட்டம்[5] என்று எழுதினால் எண் வருகிறது. சி++க்கு மாற்றும்போது அங்கேயும் லிஸ்ட் என்று ஒன்று இருக்கவே அதையே எடுத்தேன். மட்டம்[5] என்றதும் கம்பைலர் பிழை காட்டுகிறது. பெயர் ஒன்றுதானே? இந்த வசதியை வைக்க மறந்துவிட்டார்களா?"

மறக்கவில்லை. வேண்டுமென்றே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நிரல்மொழிகளின் ஸ்டாண்டர்டு லைப்ரரியை, அதாவது மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்தை, வடிவமைப்பவர்கள் செய்யும் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று இப்படி ஒரு வசதியைத் தராமல் இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடுவோம். கணினியின் நினைவகம் என்பது எண்ணிட்ட அறைகளின் நீண்ட வரிசை. ஒரு தசம எண்ணுக்கு 8 பைட். எண்களை ஒட்டி ஒட்டி வைத்தால் அது அரே. மட்டம்[5] எங்கே இருக்கிறது? வரிசை எண் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், தொடக்க முகவரியோடு 5 × 8ஐக் கூட்டினால் போதும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். ஐந்தாக இருந்தாலும் நாற்பதாயிரமாக இருந்தாலும் அதே வேலைதான். இன்னொரு வழி, எண்களை நினைவகத்தில் ஆங்காங்கே சிதறவிட்டு, ஒவ்வொன்றோடும் அடுத்தது இருக்கும் முகவரியை எழுதிவைப்பது. இது லிங்க்டு லிஸ்ட். நடுவில் ஒன்றைச் செருகவோ எடுக்கவோ இது சுலபம். ஆனால் ஐந்தாவதை அடைய ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். பைத்தானின் லிஸ்ட் உள்ளுக்குள் அரேதான். சி ஷார்ப்பில் லிஸ்ட் என்பதும் அரேதான். சி++இல் லிஸ்ட் என்றால் லிங்க்டு லிஸ்ட். ஜாவாவில் லிஸ்ட் என்பது ஒரு பொதுப் பெயர் மட்டுமே. அதன் கீழே அரேலிஸ்ட், லிங்க்டுலிஸ்ட் என்று இரண்டும் இருக்கின்றன. இரண்டிலுமே "ஐந்தாவதைக் கொடு" என்று ஒரே மாதிரி கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906இல். அன்றிலிருந்து நாளுக்கு ஓர் அளவு என்று வைத்தால் சுமார் 44 ஆயிரம் எண்கள். ஜாவாவின் லிங்க்டுலிஸ்டில் அவற்றை வரிசை எண் சொல்லி ஒவ்வொன்றாக வாசித்தால், எந்த முனை பக்கமோ அங்கிருந்து தாண்டும் புத்தி அதற்கு இருந்தும், மொத்தம் ஏறத்தாழ 48 கோடி தாண்டல்கள் ஆகும். பிழை எதுவும் வராது. மெதுவாக ஓடும், அவ்வளவுதான். காரணம் தெரியாமல் மாணவர்கள் லேப்டாப்பைக் குறை சொல்வார்கள்.

சி++ நூலகத்தை வடிவமைத்த அலெக்சாண்டர் ஸ்டெபானோவ் இதற்கு இடம் தரவில்லை. ஒரு செயல் என்ன விடையைத் தருகிறது என்பதோடு, எவ்வளவு வேலை வாங்கும் என்பதும் அதன் வாக்குறுதியின் ஒரு பகுதி என்று அவர் பிடிவாதமாக இருந்தார். சி++ தரநிலை ஆவணத்தில் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் செலவு எழுதியிருக்கும். சதுர அடைப்புக்குறி என்றால் ஒரே தாவலில் கிடைக்கும் என்று வாசிப்பவர் நம்புவார். லிஸ்டால் அதைத் தர முடியாது. அதனால் அடைப்புக்குறியே கிடையாது. 2011இல் சேர்ந்த ஃபார்வர்டு லிஸ்ட் இன்னும் ஒரு படி மேலே. அதில் "எத்தனை உறுப்புகள்?" என்று கேட்கும் சைஸ் கூட இல்லை. சொல்ல வேண்டுமானால் கூடுதல் இடம் எடுத்து எண்ணி வைத்திருக்க வேண்டும், அல்லது கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

சரி, சி++இல் பைத்தான் லிஸ்டுக்கு நிகரானது எது? வெக்டர். இயற்பியல் வகுப்பில் படித்த வெக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லிஸ்ப், ஸ்கீம் மொழிகளில் புழங்கிய பெயரை ஸ்டெபானோவ் எடுத்துக்கொண்டார். கணிதத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் நிலைத்துவிட்டதால் இதற்கு அரே என்றே வைத்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான வரிகளில் வெக்டர் ஏறிவிட்டது. 2011இல் அரே என்ற பெயர், நீளம் மாறாத இன்னொரு வகைக்குப் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அரே என்பது ஒட்டி ஒட்டி வைத்த வரிசை என்றோம். அப்படியானால் புதிதாக ஒன்றைச் சேர்க்க அதற்கு எப்படி இடம் கிடைக்கிறது?

வாடகை வீட்டில் குடும்பம் பெருகுவது போலத்தான். இரண்டு பக்கமும் வேறு ஆட்கள் குடியிருப்பதால் சுவரை இடித்து நீட்ட முடியாது. பெரிய வீடாகப் பார்த்து, பாத்திரம் பண்டத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு மொத்தமாக மாற வேண்டும். பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் தவறான வீட்டுக்குப் போவார்கள். வெக்டர் வளர்ந்த பிறகு பழைய பாயிண்டரை, அதாவது குறித்து வைத்த முகவரியை, பயன்படுத்தினால் நிரல் நொறுங்குவது இதனால்தான்.

கேள்வி, எவ்வளவு பெரிய வீடு பார்ப்பது? ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் இடம் மட்டும் கூட்டினால், ஆயிரம் எண்களைச் சேர்ப்பதற்குள் 4,99,500 முறை நகல் எடுத்திருப்போம். பத்து லட்சம் எண்கள் என்றால் சுமார் 50 ஆயிரம் கோடி. "அப்படியானால் நூறு நூறாகக் கூட்டலாமே" என்று தோன்றும். செய்து பாருங்கள். பத்து லட்சத்துக்கு இன்னமும் 500 கோடி நகல்கள். நூறில் ஒரு பங்காகக் குறைந்தது உண்மை. ஆனால் எண்கள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும் நோய் அப்படியே இருக்கிறது.

கூட்டுவதை விட்டுவிட்டுப் பெருக்கிப் பாருங்கள். இடம் தீரும்போதெல்லாம் இரட்டிப்பாக்குங்கள்: 1, 2, 4, 8, 16... ஆயிரம் எண்களுக்கு ஆகும் நகல்கள் 1 + 2 + 4 என்று 512 வரை. மொத்தம் 1,023. பத்து லட்சத்துக்கு 10,48,575. ஓர் எண்ணுக்குச் சராசரியாக ஒரே ஒரு நகலுக்குச் சற்று மேல்! எப்போதாவது ஒரு சேர்ப்புக்கு மிகப் பெரிய வேலை வரும். ஆனால் அதற்கு முன் நடந்த அத்தனை சேர்ப்புகளிலும் பகிர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றின் பங்கும் ஒரு சின்ன மாறிலிதான். பத்து எண்ணுக்கும் பத்துக் கோடி எண்ணுக்கும் அந்தப் பங்கு பெரிதாக மாறாது. பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடருக்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை பலகையில் எழுதும்போதும் ரசிக்கிறேன்.

இத்தோடு முடியவில்லை. இரட்டிப்பில் ஒரு நுட்பமான குறை உண்டு. 1, 2, 4, 8 என்று காலி செய்துவிட்டுப் போன இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாமே? முடியாது. 1 + 2 + 4 + 8 = 15. ஆனால் அடுத்து வேண்டியது 32. 16இல் இன்னும் குடியிருக்கிறோம், நகல் முடியும்வரை அதையும் விட முடியாது. எத்தனை முறை மாறினாலும் பழைய இடங்களின் கூட்டுத்தொகை புதிய தேவையை எட்டவே எட்டாது. இரண்டுக்குப் பதில் ஒன்றரை மடங்காகப் பெருக்கிப் பாருங்கள்: 4, 6, 9, 13, 19. 13இல் இருந்துகொண்டு 19 கேட்கும்போது, விட்டுவந்த 4, 6, 9 மூன்றையும் கூட்டினால் சரியாக 19. நடுவில் வேறு யாரும் புகுந்திராவிட்டால் பழைய இடத்திலேயே திரும்பக் குடியேறலாம். எல்லைக்கோடு பொன் விகிதம், அதாவது 1.618. பெருக்கும் எண் அதற்குக் கீழே இருந்தால் ஒரு நாள் பழைய இடம் போதுமானதாகிவிடும். மேலே இருந்தால் ஒருபோதும் ஆகாது. சூரியகாந்திப் பூவின் விதை அடுக்கில் பார்த்த அதே எண்! ஜாவாவின் அரேலிஸ்டும் மைக்ரோசாஃப்டின் வெக்டரும் ஒன்றரை மடங்கு. ஜிசிசி கம்பைலரோடு வரும் வெக்டர் இரண்டு மடங்கு. தரநிலை எந்த எண்ணையும் கட்டாயமாக்கவில்லை. சராசரிப் பங்கு மாறிலியாக இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

ஸ்டெபானோவ் இந்த யோசனைகளை 1970களின் இறுதியிலிருந்தே வளர்த்து வந்தார். எச்பி ஆய்வகத்தில் மெங் லீயோடு சேர்ந்து உருவாக்கிய நூலகத்தைத் தரநிலைக் குழு 1994 ஜூலையில் ஏற்றது. ஆகஸ்டில் எச்பி அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. பதினைந்து ஆண்டு உழைப்பு, விற்பதற்கு ஒரு பொருள் கூட இல்லை. "இதனால் என்ன லாபம்?" என்று முதல் ஆண்டிலேயே யாராவது கேட்டு நிறுத்தியிருந்தால் இது நமக்குக் கிடைத்திருக்காது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு ஹேஷ் டேபிளை அடியிலிருந்து கட்டி, நூறு விதத்தில் அளந்து பார்க்கிறேன் என்று ஒரு மாணவர் சொன்னால் அதை ஊக்குவிக்க வேண்டும். செயலியும் இணையதளமும் மட்டுமே ப்ராஜெக்ட் என்ற எண்ணம் மாறினால்தான் அடித்தளத்தில் வேலை செய்பவர்கள் நம் ஊரிலிருந்து வருவார்கள். அதற்குப் பெரிய பணம் கூட வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

ஹேஷ் டேபிள் என்றதும் இன்னொரு பெயர்க் கதை. தோவாளைச் சந்தையில் இன்று பிச்சி என்ன விலை, மல்லி என்ன விலை என்று பெயரைச் சொல்லி விலையை எடுக்க வேண்டும். பெயரை ஒரு எண்ணாக அரைத்து, அந்த எண் காட்டும் அறையில் நேராகப் போய்ப் பார்ப்பது ஹேஷ். வடசேரி பஸ் நிலையத்தில் காலை 5.40க்குப் பிறகு மார்த்தாண்டத்துக்கு அடுத்த பஸ் எது என்று கேட்டால் ஹேஷ் உதவாது, 5.40க்கே பஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். அங்கே நேர வரிசையில் அடுக்கிய மரம் வேண்டும்: ஒவ்வொரு கிளைப் பிரிவிலும் முந்தையது ஒரு பக்கம், பிந்தையது மறுபக்கம். ஆயிரம் பஸ் இருந்தாலும் ஒரு பக்கமே நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் சிவப்பு-கருப்பு மரம் என்ற வகையில் இருபது ஒப்பீட்டுக்குள் விடை வந்துவிடும்.

ஜாவா இவற்றை ஹேஷ்மேப், ட்ரீமேப் என்று உள்ளே இருப்பதைச் சொல்லியே அழைக்கிறது. சி++ 1998இல் மரத்துக்கு மேப் என்று பெயர் வைத்துவிட்டது. 2011இல் ஹேஷ் வந்தபோது, ஹேஷ் மேப் என்ற பெயரைப் பல நிறுவனங்கள் தங்கள் சொந்த வடிவங்களுக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தன. மோதலைத் தவிர்க்க அன்ஆர்டர்டு மேப் என்று வைத்தார்கள். நீளமான பெயர்தான், ஆனால் நேர்மையானது: வரிசையை எதிர்பார்க்காதே என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. அதன் சிக்கல் வேறிடத்தில். டேபிள் வளர்ந்தாலும் உறுப்புகளின் முகவரி மாறாது என்று அதற்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். அதனால் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே வைக்க வேண்டியிருக்கிறது. உறுப்புகளை ஒரே வரிசையில் ஒட்டி வைக்கும் வேகமான ஹேஷ் முறைகள் பிறகு பரவலானபோது, அவற்றை இதற்குள் நுழைக்க வழியில்லை.

கோ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்கள் இதில் உஷாராக இருந்தார்கள். 2012இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே, மேப்பை ஒவ்வொரு முறை சுற்றிவரும்போதும் தொடங்கும் இடத்தை வேண்டுமென்றே மாற்றிவிடுகிறார்கள். தற்செயலாக அமைந்த வரிசையை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் குலுக்கல். பைத்தான் எதிர்ப்பக்கம் போனது. 2016இல் டிக்ட்டின் (ஹேஷ் மேப்புக்குப் பைத்தானில் அதுதான் பெயர்) உள்ளமைப்பைச் சுருக்கியபோது, சேர்த்த வரிசை அப்படியே நிற்பது ஒரு பக்க விளைவாகக் கிடைத்தது. 2018இல் வந்த 3.7 பதிப்பில் அதை மொழியின் வாக்குறுதியாகவே அறிவித்துவிட்டார்கள். எனக்குக் கோவின் வழிதான் பிடிக்கும். தர நினைக்காததை ஆரம்பத்திலேயே கண்ணில் படாமல் செய்துவிட்டால், பின்னால் உள்ளமைப்பை மாற்றக் கை சுதந்திரமாக இருக்கும்.

மாணவியின் ப்ராஜெக்டுக்கு: லிஸ்டை வெக்டர் ஆக்கினால் மட்டம்[5] உடனே வேலை செய்யும். தொடங்கும்போதே ரிசர்வ் சொல்லி 44 ஆயிரம் இடங்களைக் கேட்டுவிட்டால் நடுவில் ஒரு முறை கூட வீடு மாற வேண்டியிருக்காது. தேதி சொல்லித் தேட மேப் தேவைப்படும் என்று நினைக்கலாம். ஒரு நாள் கூட விடுபடாத தரவு என்றால், முதல் நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்பதே வரிசை எண். விடுபட்ட நாட்கள் இருந்தால் தேதியையும் மட்டத்தையும் ஜோடியாக அதே வெக்டரில் வையுங்கள். தேதிகள் ஏறுவரிசையில்தான் இருக்கும். பாதி பாதியாக வெட்டித் தேடினால் 44 ஆயிரத்திலும் 16 ஒப்பீடுகளில் கிடைத்துவிடும்.