எழுத்துக்கு எடை இல்லை, தடிப்புதான் உண்டு

போன வாரம் அக்கா மகள் தான் செய்த முதல் இணையதளத்தைக் காட்டினாள். கைபேசியில் திறந்து வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தால் எழுத்தே தெரியவில்லை, ற, ன எல்லாம் தலைமுடி கிடந்த மாதிரி. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை எடுத்துப் பத்தி முழுவதற்கும் 'ஃபாண்ட் வெயிட்' 100 வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எடை குறைஞ்ச எழுத்துருவாப் போட்டாத்தான் தளம் வேகமாத் திறக்கும்னு எழுதியிருந்தாங்க சித்தி, அதான் இருக்கிறதிலேயே குறைஞ்ச எடையை வச்சேன்" என்றாள். அவள் படித்த தமிழ்க் கையேட்டில் கோப்பின் அளவுக்கும் எடைதான், கோட்டின் தடிப்புக்கும் எடைதான். அவள் மேல் தப்பே இல்லை.

'ஃபாண்ட் வெயிட்' என்பதை 'எழுத்துரு எடை' என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துப் பொறுத்துப் போயிருக்கிறேன். இனி முடியாது.

ஃபாண்ட் பிரெஞ்சிலிருந்து வந்த சொல், உருக்கி வார்ப்பது என்று பொருள். 1578இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சானபோதும் எழுத்துகளை உலோகத்தில் வார்த்துத்தான் அடுக்கினார்கள். நாம் எழுத்துரு என்கிறோம், நல்ல சொல், நிலைத்தும்விட்டது. வெயிட் என்று ஆங்கிலத்தில் சொல்வது கோடு எவ்வளவு தடியாக இருக்கிறது என்பதை. இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் வழக்கமாக 100 முதல் 900 வரை எண் கொடுப்போம், 400 இயல்பு, 700 தடித்தது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு எடை எப்படிப் பொருந்தும்? விடு, விடை, தொடு, தொடை, அதுபோல எடு, எடை. தூக்கிப் பார்த்து, தராசில் வைத்து அறிவது எடை. ஆளை எடை போடுகிறான் என்று உருவகமாகச் சொன்னாலும் அங்கே மதிப்பிடுவதுதான் பொருள், தடிமன் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பார்வைக்குத் தெரியும் பாரத்தையும் குறிக்கும், தமிழில் எடை அந்த வேலையைச் செய்ததே கிடையாது. கலைச்சொல்தானே, நாம் வரையறுத்துவிட்டால் பழகிவிடும் என்கிறார்கள். வேறு பொருள் குறுக்கே வராத இடத்தில் சரி. இங்கே குறுக்கே வருகிறதே! எழுத்துருக் கோப்பு பெரிதாக இருந்தால் பக்கம் மெதுவாகத் திறக்கும், அதைத்தான் எடை அதிகம் என்று எல்லாரும் இயல்பாகச் சொல்கிறோம். ஒரே பாடத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வந்தால் புதிதாகப் படிக்கிறவர் எதைப் பிடிப்பார்?

கனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எடையை விட எவ்வளவோ மேல், சுவரின் கனம் என்கிறோம் அல்லவா. வடசொல் என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. கனமான கோப்பு என்றால் மறுபடி அதே குழப்பம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தடிமன் என்ற சொல்லும் பொருளில் சரிதான், ஆனால் ஈழத்தில் அது சளி பிடிப்பதைக் குறிக்கும். தடிப்பு என்பதுதான் என் தேர்வு. தடித்த எழுத்து என்று ஏற்கெனவே எல்லாரும் சொல்கிறோம், அதிலிருந்தே வருகிறது, யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொட்டை எழுத்து என்றும் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் அளவும் கலந்துவிடுகிறது, இங்கே ஆகாது.

சொல் நம் வாயிலேயே இருக்கும்போது அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ. 'போல்டு' என்பதற்குத் 'தைரியமான' என்றும் 'லைட்' என்பதற்கு 'ஒளி' என்றும் போட்ட பட்டியலை நானே பார்த்திருக்கிறேன். மொழிபெயர்த்தவர் அந்த 'போல்டு' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் போதும், எழுத்து தடிப்பதைக் கண்ணால் கண்டிருப்பார். பார்க்காமலே மொழிபெயர்க்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது தடிப்பு தமிழுக்கு இன்னும் முக்கியம். ண, ஞ, இ போன்றவற்றில் சுழி உள்ளே மடங்குகிறது, இடம் குறைவு. பவனம், மீரா இனிமை போன்றவை ஒரே தடிப்பில் கிடைப்பவை. அவற்றுக்கு 700 கொடுத்தால் உலாவி தானே கோட்டை ஊதிப் பெருக்கும், சின்ன அளவில் சுழி அடைத்துக்கொண்டு மை கொட்டிய மாதிரி ஆகிவிடும். தலைப்பும் பத்தியும் ஒரே குடும்பத்தில் வேண்டும் என்றால் ஹிந்த் மதுரை எடுக்கலாம், 300 முதல் 700 வரை ஐந்து தடிப்பு. முக்தா மலரில் 200 முதல் 800 வரை ஏழு. ஏழையும் இறக்கிவைத்தால் கோப்புகளின் எடை கூடும் (இங்கே எடை சரியான சொல்), இரண்டு போதும்.

அக்கா மகளிடம் தடிப்பு என்று சொன்னதும் பத்தியை 400 ஆக்கினாள், தலைப்புக்கு 700. அப்புறம் அதே வாசலில் நின்று படித்துப் பார்த்தோம், வெயிலிலும் சுழி உட்பட எல்லாம் தெரிந்தது.