பழைய காரின் இம்மொபிலைசர் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. தயாரிப்பு நின்று பல வருடமான ஒரு கார் டோ வண்டியில் வந்து இறங்குகிறது. செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடித்த மறுநொடியே அணைந்துவிடுகிறது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னுகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஈசியூ, அதாவது என்ஜினை இயக்கும் கணினி, வேறு வண்டியுடையது. சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத பூட்டுதான் இம்மொபிலைசர்; ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியும் வேறு வண்டியுடையது. பழசு எங்கே என்று கேட்டால், "அது செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க சார்" என்கிறார் வண்டிக்காரர்.

இந்தப் பதிலை இனியும் கேட்கத் தெம்பில்லாமல்தான் இதை எழுதுகிறேன். செத்துப்போனது என்று எறிந்த அந்தப் பெட்டிக்குள்தான், அந்தக் காரை அந்தச் சாவியோடு சேர்த்துவைக்கும் தகவல் முழுவதும் இருந்தது. அதற்கு நகல் பெரும்பாலும் வேறெங்கும் கிடையாது. பெட்டி கையில் இருந்தால் பழுது பார்க்கலாம், முடியாவிட்டால் உள்ளே இருப்பதை எடுத்து இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். பெட்டியே போய்விட்டால் சாதாரண வேலை பெரிய வேலையாகிவிடுகிறது. சில மாடல்களில் வழியே இல்லாமல் போகிறது.

"அதே மாடல், அதே பார்ட் நம்பர், அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆகாது?" இதைக் கேட்பவர்கள் வண்டிக்காரர்கள் மட்டும் இல்லை. நல்ல அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் கேட்கிறார்கள். ஆல்டர்னேட்டர், ஃப்யூவல் பம்ப், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் பார்ட் நம்பர் பொருந்தினால் ஓடும் என்பதால் வந்த பழக்கம் இது. இம்மொபிலைசர் அப்படி இல்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாடல் பூட்டு இரண்டு வாங்கினால், ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறக்குமா? பார்ட் நம்பர் சொல்வது போர்டும் பின்களும் ஒன்று என்பதை மட்டும்தான். உள்ளே எழுதியிருப்பது ஒவ்வொரு காருக்கும் தனி. சாவியில் இருக்கும் சிப்புக்கு ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணை இம்மொபிலைசர் பெட்டி தன் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெட்டியை ஈசியூ தன் நினைவில் வைத்திருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டால்தான் இன்ஜெக்டர் திறக்கும், என்ஜின் ஓடும். காயலான் கடையில் வாங்கிய பெட்டி தன் பழைய வண்டியின் சாவியைத்தான் தேடும். அங்கே வாங்கிய ஈசியூ தன் பழைய பெட்டியைத்தான் தேடும். இரண்டையும் தனித்தனி வண்டிகளிலிருந்து வாங்கி மாட்டினால் ஒரே காருக்குள் ஒன்றையொன்று அறியாத மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. சில கார்களில், எந்தப் பெட்டியோடும் இன்னும் சேராத ஈசியூவை ஒரு வண்டியில் மாட்டி இக்னிஷன் போட்டாலே போதும், அந்த வண்டியின் எண்ணை அது எழுதிக்கொண்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். "சும்மா போட்டுப் பார்க்கலாம்" என்று மாட்டுவதால் நல்ல உதிரிப் பாகமும் வீணாகிறது. சும்மா போட்டுப் பார்க்காதீர்கள்.

புதிய கார் என்றால் வெற்றுப் பெட்டி ஒன்றை வரவழைத்து, கம்பெனி ஸ்கேனரில் புரோகிராம் செய்து முடித்துவிடலாம். நிறுத்தப்பட்ட மாடலுக்கு அந்தப் பெட்டி ஸ்டாக்கில் இருக்காது, பழைய ஸ்கேனர் ஒர்க்‌ஷாப்பில் இருக்காது, இருந்தாலும் அதை இயக்கத் தெரிந்தவர் வேலையைவிட்டுப் போயிருப்பார். அதனால்தான் பழைய பெட்டி இந்தக் கார்களில் இவ்வளவு முக்கியம்.

சரி, அந்தப் பெட்டியில் உண்மையில் என்ன கெட்டுப்போகிறது? ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமானது. ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. ஆக, முதல் தலைமுறைப் பெட்டிகளுக்கு வயது 25க்கு மேல். அவ்வளவு காலம் வெயிலிலும் குளிரிலும் டாஷ்போர்டுக்கு அடியில் கிடந்த எலக்ட்ரானிக்ஸில் பழுது வரத்தான் செய்யும். ஆனால் பழுது வருவது பெரும்பாலும் மெமரி சிப்பில் அல்ல. கனெக்டர் பின்கள் போர்டில் சேரும் இடத்தில் சால்டர் விண்டுபோகும். 5 வோல்ட் ரெகுலேட்டர் தள்ளாடும். சாவித்துவாரத்தைச் சுற்றியிருக்கும் ஆண்டெனா காயிலை இயக்கும் ஐசி போகும். எல்லாவற்றுக்கும் மேல், எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் கசியும்.

கசிந்த போர்டைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும், மீன் வாடை மாதிரி ஒன்று. கப்பாசிட்டரின் அடியில் பழுப்பாக ஈரம் படிந்திருக்கும். அதன் பக்கத்து டிராக்குகள், அதாவது போர்டின் செம்புக் கோடுகள், பச்சை பூத்திருக்கும். சில சமயம் மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்க, அதற்கு அடியில் செம்பு அரித்துப்போய்க் காணாமல் போயிருக்கும். ஊசி முனையால் மெல்லத் தொட்டால் டிராக் தூளாக உதிரும். கப்பாசிட்டரைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, அரித்த டிராக்குக்கு மெல்லிய கம்பி ஓட்டி, 105 டிகிரி தாங்கும் புதுக் கப்பாசிட்டர் போட்டால் பெட்டி எழுந்து உட்கார்ந்துவிடும். "செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதப்பட்ட பல பெட்டிகளின் நிலைமை இவ்வளவுதான்.

காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் மறுக்கிறதா? விண்டுபோன சால்டரைச் சந்தேகப்படுங்கள். பெட்டியைத் திறந்து ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினாலே பழுது வெளியே வந்துவிடும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் முதலில் மெமரியைப் படித்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் 93சி46, 93சி56, 24சி02 போன்ற எட்டுக்கால் சிப்தான் இருக்கும். 93சி46இல் மொத்தமே 128 பைட். ஒரு காரின் அடையாளம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. மின்சாரம் இல்லாமலே 40 வருடம், 100 வருடம் தாங்கும் என்று சிப் கம்பெனியின் டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள், நடைமுறையிலும் அது பெரும்பாலும் தாங்குகிறது. கிளிப் மாட்டிப் போர்டிலேயே படித்தால் பக்கத்தில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரும் விழித்துக்கொண்டு குறுக்கே பேசும், தப்பான டேட்டா வரும். சிப்பைக் கழற்றிப் படியுங்கள். மூன்று முறை படித்து மூன்று கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 93 வரிசையில் 8 பிட், 16 பிட் என்று இரண்டு அமைப்பு உண்டு. மாற்றிப் படித்தால் பைட்டுகள் ஜோடி ஜோடியாக இடம் மாறி வரும். அந்தக் கோப்பை அப்படியே எழுதிவிட்டு "சிப் போச்சு" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். சிப்பில் எந்தத் தவறும் இருக்காது. சில பெட்டிகளில் தனி மெமரி சிப்பே இருக்காது, மோட்டரோலா 68எச்சி05, 68எச்சி11 மாதிரியான கன்ட்ரோலருக்குள்ளேயே டேட்டா இருக்கும். அதற்கான கருவியும் பழக்கமும் இல்லாவிட்டால் தொடாமல் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். எதுவானாலும் அசல் சிப்பின் மேல் எழுதவே எழுதாதீர்கள். புதுச் சிப் விலை மலிவு.

மீட்டர் போர்டுக்குள்ளேயே இம்மொபிலைசர் இருக்கும் கார்களில் ஓடிய கிலோமீட்டரும் அதே மெமரியில் இருக்கும். டேட்டாவை முழுதாக மாற்றும்போது அதுவும் கூடவே வரும், வரவேண்டும். "அப்படியே கொஞ்சம் குறைச்சுடுங்க" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். முடியாது.

வண்டிக்காரர்களிடம் வருகிறேன். பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் சாவியைப் பாருங்கள். இந்தக் கார்களின் சாவிச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சாவித்துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் வீசும் காந்தப்புலமே அதற்கு மின்சாரம். ரிமோட் பேட்டரியை மாற்றினால் கதவு திறக்கும், என்ஜின் பிரச்சினை தீராது. இரண்டாவது சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். முதல் சாவியை அதே வளையத்தில் தொங்கவிட்டுச் சோதிக்காதீர்கள், இரண்டு சிப்பும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழப்பும்.

அப்புறம் சாவிக் கூடு. உடைந்த பிளாஸ்டிக் கூட்டை மாற்றும்போது ரிமோட் போர்டை எடுத்துப் புதுக் கூட்டில் வைப்பார்கள். சிப் தனியாக, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழலாகவோ சின்னக் கறுப்பு ஆப்பாகவோ பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருக்கும். அதை விட்டுவிட்டுக் கூட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அடுத்த நிமிடமே வண்டி ஸ்டார்ட் ஆகாது, பழி ஈசியூ மேல் விழும். பழைய கூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், தயவுசெய்து.

பேட்டரியையும் பாருங்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சில பெட்டிகள் தடுமாறிச் சாவியை மறந்த மாதிரி நடந்துகொள்ளும். வயதான பேட்டரியை வைத்துக்கொண்டு போர்டைக் கழற்றுவது அநாவசியம்.

இன்னொரு கோரிக்கை அடிக்கடி வருகிறது: இம்மொபிலைசரே வேண்டாம், ஒரேயடியாகத் தூக்கிவிடுங்கள். ஈசியூவில் அந்தச் சோதனையை அணைத்துவிட முடியும் என்பது உண்மைதான். பழைய குறியாக்கங்களை ஆய்வாளர்கள் உடைத்திருப்பதும் உண்மை. 2005இல் டிஎஸ்டி என்ற 40 பிட் சாவிச் சிப்பையும், 2012இல் ஹிட்டேக் 2 என்ற சாவிச் சிப்பையும் உடைத்துக் காட்டினார்கள். அதைச் சொல்லி "எப்படியும் பாதுகாப்பில்லை, இருந்து என்ன" என்கிறார்கள். தெருவில் நிற்கும் பழைய காரைத் திருட வருபவன் அந்த ஆய்வுக் கருவிகளோடு வருவதில்லை. ஸ்குரூடிரைவரோடு வருகிறான். அவனை நிறுத்துவது இந்தப் பெட்டிதான். காப்பீட்டிலும், இம்மொபிலைசர் கட்டாயமான நாடுகளில் வாகனப் பரிசோதனையிலும் கேள்வி வரலாம். பெட்டியும் இல்லை, டேட்டாவும் இல்லை, வேறு எந்த வழியும் இல்லை என்ற நிலையில் மட்டும், உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. வண்டியின் பத்திரம் கேட்டால் கோபப்படாதீர்கள். பத்திரம் பார்க்காமல் சாவி புரோகிராம் செய்து தருபவர் உங்கள் காருக்கும் வேறொருவருக்குச் சாவி செய்து தருவார்.

வண்டி நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டியவை சில. ஒரே சாவியோடு ஓட்டாதீர்கள், இரண்டாவதைச் செய்து வீட்டில் வையுங்கள். வண்டியோடு வந்த ரகசிய எண் அட்டையைத் தேடி எடுங்கள். பழைய ஃபியட் கார்களின் சிவப்பு மாஸ்டர் சாவி, ஓப்பலின் கார் பாஸ் அட்டை, இப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று உண்டு. பழைய கார் வாங்கும்போது ரேடியோவைப் பற்றி விசாரிப்பதை விட்டு இதைக் கேளுங்கள். எண் தெரியாமல் ஸ்கேனரில் ஊகித்து ஊகித்து அடிக்காதீர்கள், சில தவறுகளுக்குப் பிறகு அது பூட்டிக்கொள்ளும், ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் நீளும். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் 80 வோல்ட்டையும் தாண்டலாம். வெல்டிங் செய்தால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் நீர் வடிகாலில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கார்பெட் ஈரமாக இருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பெட்டியைப் பழுது பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

பெட்டி கெட்டுத்தான் போய்விட்டது என்றால், சரிபார்க்க அனுப்பும்போது பெட்டி, ஈசியூ, சாவி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஆண்டெனா காயிலைக் கழற்ற முடிந்தால் அதையும் சேருங்கள். மேசையிலேயே இணைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம், வண்டியை இழுத்து வர வேண்டியதில்லை. தெர்மோகோலில் சுற்றாதீர்கள், நிலைமின்சாரம் தாக்காத பையில் போடுங்கள். ஏற்கெனவே யாராவது திறந்து சால்டர் வைத்திருந்தால் எங்கே வைத்தார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.