புகை நோன்பை ஏன் முறிக்கிறது?

நோன்பு வைத்திருப்பவர் மூக்கில் சாலைத் தூசியோ அடுப்புப் புகையோ தானாக ஏறினால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. அதே ஆள் வேண்டுமென்றே ஒரு பீடியைப் பற்றவைத்து இழுத்தால் நோன்பு முறிந்துவிடும். "புகை என்ன சாப்பாடா, தண்ணியா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன்பு கெய்ரோவிலும் இதையே கேட்டார்கள்.

அப்போது புகையிலை அந்த ஊருக்குப் புதிது. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் (மத்ஹபுகளில்) ஒன்றான ஷாஃபி மத்ஹபின் விதிப்படி, உடலுக்குள் ஒரு 'பொருள்' போனால்தான் நோன்பு முறியும். வெறும் மணமோ காற்றோ கணக்கில் வராது. சரி, புகை எதில் சேரும்? ஸியாதி என்ற ஷாஃபி அறிஞர் முதலில் முறியாது என்றே தீர்ப்புச் சொல்லிவந்தார். பிறகு, புகைபிடிக்கும் நாணல் குழாயின் உள்ளே ஒட்டியிருந்த கறையைப் பார்த்தார். உடனே தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த ஷாஃபி நூல்கள் இதை எழுதிவைத்திருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் பெரும்பாலும் பின்பற்றுவது இந்த மத்ஹபைத்தான்.

குழாயில் தங்கியது நெஞ்சிலும் தங்கும் என்பதுதான் அதில் உள்ள தர்க்கம். ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்த நல்ல பரிசோதனை என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைய வேதியியலும் அவர் பக்கமே நிற்கிறது.

சிகரெட்டை இழுக்கும்போது அதன் நெருப்பு முனை சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். ஆனால் புகையிலை முழுவதும் எரிந்துபோவதில்லை. நெருப்புக்குச் சற்றுப் பின்னால், ஆக்சிஜன் குறைந்த இடத்தில், அது வெந்து சிதைந்து ஆவியாகிறது. அந்த ஆவி குச்சியின் குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு எவ்வளவோ, அநேகமாக அவ்வளவுதான் ஒரு துளி. ஒரு மில்லிலிட்டர் புகையில் இப்படி நூறு கோடிக்கும் மேல் துளிகள். வாயுவில் மிதக்கும் இந்தக் கூட்டத்தைத்தான் நாம் புகை என்கிறோம். இதிலிருந்து நீரையும் நிகோடினையும் கழித்தால் மிஞ்சும் பிசுக்குக்குப் பெயர் தார். சிகரெட்டுக்கு 10 மில்லிகிராம் தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 20 சிகரெட் பிடிப்பவர் ஆண்டுக்கு 73 கிராம் தாரை உள்ளே இழுக்கிறார். அதில் பெரும்பகுதி வெளியே வருவதில்லை.

இனி நிகோடின். நுரையீரலின் காற்றுப்பைகளிலிருந்து ரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 நொடிக்குள் அது மூளைக்குப் போய்விடும். அங்கே அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான சமிக்ஞைப் பொருளுக்காக அமைந்த ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைனைச் சுரக்க வைக்கிறது. ஓயாமல் நிகோடின் பட்டால் அந்த ஏற்பிகள் மரத்துப்போகும். ஈடுகட்ட மூளை இன்னும் அதிக ஏற்பிகளை உருவாக்கிக்கொள்ளும். நிகோடின் வடிந்ததும் அத்தனையும் விழித்துக்கொண்டு கேட்கும். புகைபிடிப்பவருக்கு நாளின் முதல் சிகரெட் தனி ருசியாகத் தெரிவது இதனால்தான்.

ரமலானில் நடப்பதும் இதேதான். ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஸஹரிலிருந்து (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டிலிருந்து) நோன்பு திறக்கும் வரை 14 மணி நேரம் என்றால் ஏழு முறை பாதியாகி, கடைசியில் ஒரு சதவீதம்கூட நிற்காது. அஸர் என்ற பிற்பகல் தொழுகை நேரத்தில் சிலர் எரிந்துவிழுவதைப் பசியின் கணக்கில் எழுதுகிறோம். அதில் ஒரு பகுதி நிகோடினின் கணக்கு. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், அப்புறம் நோன்புக் கஞ்சியைக்கூடத் தொடாமல் பள்ளிவாசல் சந்தில் பற்றவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் ஓய்ந்து தெளிந்த ஏற்பிகளில் அந்த முதல் இழுப்பு முழு வேகத்தில் இறங்கும். சிலருக்குத் தலை சுற்றும்.

பகலெல்லாம் விட்டவருக்கு முப்பது நோன்பு முடிந்ததும் பழக்கம் போயிருக்க வேண்டாமா? போகாது. விட்ட பிறகு வரும் தவிப்பு இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு ஏறும். தணிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரவில் பிடிப்பவர் அந்த உச்சத்தைத் தொடுவதற்குள் தினமும் திரும்பிவிடுகிறார். தவிப்பு மட்டும் மிச்சம், விடுதலை இல்லை.

புகை நோன்பை முறிக்கும் என்பதில் பெரிய சண்டை இல்லை. ரமலானுக்கு வெளியே புகைபிடிப்பது கூடுமா என்பதில்தான் சண்டை. 17ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அறிஞர் லகானி ஹராம் (தடுக்கப்பட்டது) என்றார். அவர் காலத்தவரான உஜ்ஹூரி கூடும் என்று எழுதினார். டமாஸ்கஸில் அறிஞர் அப்துல் கனி நாபுலுஸியும் கூடும் என்றே நூல் எழுதினார். தடைக்கு ஆதாரம் இல்லாதவரை எதுவும் ஆகுமானது என்பது பொது விதி. கேடு உறுதியானால் அந்த விதி நிற்காது. அன்று அதை உறுதிப்படுத்த வழியில்லை. புற்றுநோய் வர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டால்தான் தொடர்பு பிடிபடும்.

அந்தக் கணக்கை 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் போட்டார்கள். முடிவைப் பார்த்த டால் தன் சிகரெட்டையே விட்டுவிட்டார். பிறகு பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புகைபிடித்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தது தெரிந்தது. தாரில் உள்ள பென்சோபைரீன், புற்றுநோயைத் தடுத்து நிறுத்தும் மரபணுவிலேயே போய் ஒட்டிக் கெடுக்கிறது என்பதும் பின்னர் வெளிப்பட்டது.

தீர்ப்புகளும் நகர்ந்தன. மலேசியாவின் தேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு 1995இலும், எகிப்தின் முஃப்தி நஸ்ர் ஃபரீத் வாஸில் 2000இலும் ஹராம் என்றனர். "உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்ற குர்ஆன் வசனம் (2:195) இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுவது. இந்தோனேசியாவில் முஹம்மதியா அமைப்பு 2010இல் ஹராம் என்றது; நஹ்தலத்துல் உலமா மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது, ஆனால் தடையில்லை) என்பதில் நிற்கிறது. கேடு சந்தேகத்துக்குரியது என்பதை வைத்துச் சொன்ன மக்ரூஹுக்கு இன்று காலூன்ற இடமில்லை என்பது என் கருத்து.

விட நினைப்பவருக்கு ஒரு செய்தி. தோல் வழியாக எண்ணெய் உறிஞ்சப்பட்டால் நோன்பு முறியாது என்று பழைய ஷாஃபி நூல்களிலேயே இருக்கிறது. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைக்கும் அதே விதியைப் பொருத்துகிற ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இருக்கிறார்கள். மருத்துவரிடமும் உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லுகிற நிகோடின் கம் மட்டும் நோன்பு திறந்த பிறகுதான்.