ஊழியம்: சொல்லும் சுமையும்

ஊழியம், பெயர்ச்சொல். கிறிஸ்தவர்களின் இன்றைய பேச்சுவழக்கில்: பிரசங்கம், ஜெபக்கூட்டம், நற்செய்திப் பணி, இவற்றை நடத்தும் அமைப்பு. ஊழியர், ஊழியக்காரர்: அதை நடத்துபவர். புதிய ஏற்பாட்டின் மூலத்தில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் தியாகோனியா. அதைச் செய்பவர் தியாகோனொஸ். அதன் பழைய பொருள்: பந்தியில் பரிமாறுபவர், ஏவிய வேலையைச் செய்பவர்.

கிரேக்கச் சொல்லைப் பார்க்கக் கானா ஊர்க் கல்யாணத்துக்குப் போனால் போதும். திராட்சரசம் தீர்ந்ததும் இயேசுவின் தாய் சிலரிடம், "அவர் உங்களுக்கு என்ன சொல்லுகிறாரோ, அதின்படி செய்யுங்கள்" என்கிறார். அந்தச் சிலரை யோவான் தியாகோனொஸ் என்ற சொல்லால்தான் குறிக்கிறார். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவர்களை "வேலைக்காரர்" என்று சரியாகவே சொல்கிறது. கற்சாடிகளில் விளிம்புவரை நீர் நிரப்பியவர்கள், மொண்டு கொண்டுபோனவர்கள். அவர்கள் பெயர் சுவிசேஷத்தில் இல்லை.

தியாகோனொஸ் என்பதற்கு "தூசியின் ஊடே ஓடுபவன்" என்று பிரசங்கங்களில் விளக்கம் சொல்லப்படுவதுண்டு. கேட்க நன்றாக இருந்தாலும் அந்த வேர் பொருந்தாது. உயிரெழுத்தின் நீளம் இடிக்கிறது என்று மொழியறிஞர்கள் எப்போதோ விலக்கிவிட்டார்கள். 1990இல் ஜான் காலின்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இன்னொரு திருத்தம் சொன்னார்: இந்தச் சொல்லின் நடுப்பொருள் பரிமாறுவது என்பதைவிட, ஒருவர் ஏவ இன்னொருவரிடம் போவது, தூது கொண்டுசெல்வது என்பதே. இதை ஏற்றுக்கொண்டாலும் தியாகோனொஸின் நிலை உயர்ந்துவிடாது. அவன் கையில் இருக்கும் தட்டும் அவனுடையதல்ல, அவன் வாயில் இருக்கும் செய்தியும் அவனுடையதல்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதைத்தான் முகத்துக்கு நேரே கேட்கிறார்: "பவுல் யார்? அப்பொல்லோ யார்?" வெறும் ஊழியக்காரர்தானே என்பது அவரே சொல்லும் பதில். அங்கேயும் மூலத்தில் இதே தியாகோனொஸ்தான்.

லத்தீனில் இந்தச் சொல்லை மினிஸ்தர் என்று மொழிபெயர்த்தார்கள். குறைவு என்ற பொருளுடைய மினுஸ் என்பதிலிருந்து வந்தது அது, குறைந்தவன், கீழ்ப்பட்டவன். எதிர்ச்சொல் மஜிஸ்தர், மேற்பட்டவன். பிறகு மினிஸ்தர் அரசவைக்குள் போய் அமைச்சராகிவிட்டது. ஏவல் செய்பவரின் பெயர் ஆளுபவரின் பெயராக ஏறிப்போவது தமிழில் மட்டும் நடந்த விபத்தல்ல.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். சபைகளில் கூர்ந்து வாசிக்கப்படாத ஒரு பகுதி அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் சாப்பாட்டு விநியோகத்தில் விடுபட்டுப்போகிறார்கள். முறுமுறுப்பு எழுகிறது. "அன்றாட விசாரணை" என்று முதல் வசனத்தில் தமிழில் இருப்பது மூலத்தில் அன்றாட தியாகோனியா. இரண்டாம் வசனத்தில் "பந்திவிசாரணை" என்று இருப்பது அதே சொல்லின் வினை வடிவம். நான்காம் வசனத்தில், வசனத்தைப் போதிக்கிற "ஊழியம்" என்று இருப்பதும் தியாகோனியாவே. இந்த நூலையும் எழுதிய லூக்கா ஒரே சொல்லை மூன்று இடத்திலும் வைத்தார். விதவைக்குச் சோறு போவதும் தியாகோனியா, வசனம் போவதும் தியாகோனியா. தமிழில் சோறு விசாரணையாயிற்று. வசனம் மட்டும் ஊழியமாயிற்று.

மார்த்தாளுக்கும் அப்படித்தான். லூக்கா 10:40இல் அவள் "பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்து" என்று வாசிக்கிறோம். அந்த "வேலைகள்" மூலத்தில் தியாகோனியா. மொழிபெயர்த்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இடத்துக்கு ஏற்ற சொல்லைத் தேடினார்கள், எல்லா இடத்திலும் பிரித்துவைக்கவும் இல்லை. இயேசுவோடு கூடச் சென்று தங்கள் ஆஸ்திகளால் உதவிய பெண்கள் "ஊழியஞ்செய்துகொண்டுவந்த" ஸ்திரீகள் என்றே லூக்கா 8இல் இருக்கிறது. கெங்கிரேயா சபையின் பெபேயாள் ரோமர் 16இல் "ஊழியக்காரி". ஆனால் வேதாகமம் பிரிக்காத இடத்திலும் நம் பேச்சு பிரித்துவிட்டது. கூட்டம் முடிந்தபின் பாத்திரம் கழுவுகிறவரை யாரும் ஊழியர் என்று அழைப்பதில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் பத்து வருடம் புரட்டிப் போட்டுத் துடைத்த பெண்ணிடம் போய், "நீங்கள் என்ன ஊழியம் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "நான் ஒன்றும் செய்வதில்லை ஐயா, வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார். "முழுநேர ஊழியம்" என்ற தொடரும் இந்தப் பிரிவிலிருந்து பிறந்ததுதான். அன்பில் பகுதிநேரம் என்று ஒன்று இருப்பதுபோல அது ஒலிக்கிறது.

இனி, ஊழியம் என்ற தமிழ்ச் சொல். பழைய மொழிபெயர்ப்பில் அது தியாகோனொஸுக்கு மட்டும் வரவில்லை. ரோமர் நிருபத்தின் முதல் வரியில் பவுல் தன்னை "இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரன்" என்கிறார். அங்கே மூலச் சொல் தூலோஸ். அதாவது அடிமை, விலைக்கு வாங்கப்பட்டவன். இதே தூலோஸ் பிலிப்பியர் 2:7இல் "அடிமையின் ரூபமெடுத்து" என்று உடைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. அன்றைய தமிழில் ஊழியம் என்ற சொல் அடிமை வேலையையும் தாங்கக்கூடியதாக இருந்ததால்தான் மொழிபெயர்ப்பாளர்களால் அதை அங்கே வைக்க முடிந்தது.

எவ்வளவு தாங்கியது என்பதற்குத் திருவிதாங்கூர் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. அரசாங்கத்துக்கும் கோயில்களுக்கும் சுமை தூக்க வேண்டும், பொருள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். தாழ்த்திவைக்கப்பட்ட சாதிகளின் தோளில்தான் அந்தச் சுமை விழுந்தது. கிறிஸ்தவர்களாகிய ஏழைகளை ஞாயிற்றுக்கிழமையாவது ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்பது அன்றைய மிஷனரிகளின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. கர்னல் மன்றோ அங்கே ரெசிடென்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்தபோது அந்த விலக்கு கிடைத்தது. "ஞாயிற்றுக்கிழமை ஊழியம் இல்லை" என்பது அந்தச் சபைகளின் மூதாதையருக்கு நற்செய்தி. அந்த மக்களின் முதுகில் இருந்த சொல்லை இன்று ஒருவர் தன் பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளும்போது, அது எவருடைய வியர்வையில் நனைந்த சொல் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த வரலாறு இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. தாழ்மையைப் பற்றிப் பேசுவது எளிது. யாரிடம் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாற்கு 10இல் இயேசு யாரிடம் பேசினார்? மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்ட யாக்கோபிடமும் யோவானிடமும், அதைக் கேட்டு எரிச்சலடைந்த மற்றப் பத்துப்பேரிடமும். "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்." ஏற்கெனவே அடிமையாய் இருந்தவனைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் குனி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கால் கழுவின இரவிலும் அப்படித்தான். எபிரெய அடிமையைக்கூட எஜமான் தன் கால்களைக் கழுவச் செய்யக்கூடாது என்று யூத மரபுரை ஒன்று சொல்கிறது. அவ்வளவு கீழான வேலை. அதைச் செய்தபின் அவர் சொன்னது, "ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினதுண்டானால்" என்று. மேலே இருந்தவர் இறங்கினார். இறங்குவது மேலே இருப்பவரால்தான் முடியும்.

ஆகவே அடிபடும் மனைவியிடம் போய்த் தாழ்மையாயிரு என்று ஆலோசனை சொல்பவரும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட விசுவாசியிடம் பொறுத்துக்கொள் என்று சொல்பவரும் இயேசுவின் போதனையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். கணக்குக் கேட்கிறவரிடம் "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்ற சங்கீத வசனத்தைக் கேடயமாக நீட்டுகிறவரும் அப்படியே. வேலைக்காரனிடம் கணக்குக் கேட்கலாம். கேட்கக்கூடாது என்று சொல்கிறவன் தன்னை எஜமானாக நினைத்துக்கொண்டிருக்கிறான். மத்தேயு 23இல் விருந்தில் முதலிடம், ஜெபஆலயத்தில் முதல் ஆசனம், சந்தைவெளியில் வணக்கம், ரபீ என்ற அழைப்பு என்று இயேசு எண்ணி எண்ணிச் சொன்னவை இன்றைய மேடைகளில் எதுவும் குறையாமல் இருக்கின்றன. "நீங்கள் எல்லாரும் சகோதரராயிருக்கிறீர்கள்" என்பதுதான் அவர் அங்கே சபைக்குக் கொடுத்த ஒரே பட்டம். அதைப் போதாது என்று நினைப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரியான தமிழ்ச் சொல் எது? "சேவை" பேருந்துக்கும் வங்கிக்கும் போய்விட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு "தொண்டு", "தொண்டர்" என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் தியாகோனொஸ் "திருத்தொண்டர்". அழகான, ஆழமான பழந்தமிழ்ச் சொல் அது. ஆனால் கட்சித் தொண்டரையும் தொண்டு நிறுவனத்தையும் தாண்டி அதைக் கேட்பது இன்று சற்றுக் கடினம். பழைய மொழிபெயர்ப்பு தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் "உதவிக்காரர்" என்கிறது. எளிமையானது, பிழையில்லாதது, ஆனால் உதவி என்பது மேலே நின்றும் செய்யக்கூடிய ஒன்று.

என் தேர்வு, மத்தேயுவிலும் மாற்குவிலும் ஏற்கெனவே இருக்கும் பணிவிடை. "பணி" என்ற ஒரே சொல் தமிழில் வேலையையும் குறிக்கும், வணங்கித் தாழ்வதையும் குறிக்கும். பணிவு அதிலிருந்து வந்தது. பணியாள் அதிலிருந்து வந்தான். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. "பணியுமாம் என்றும் பெருமை சிறுமை / அணியுமாம் தன்னை வியந்து" என்று வள்ளுவர் இருவகை மனிதரைக் காட்டுகிறார். பெருமை உடையவர் பணிவார், சிறுமை உடையவர் தம்மைத் தாமே வியந்து அலங்கரித்துக்கொள்வார். தியாகோனியாவில் கையும் முதுகும் சேர்ந்து வளைகின்றன. அதை ஒரே சொல்லில் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மேலும், பணிவிடை என்றதும் நோயாளியின் படுக்கை நினைவுக்கு வருகிறது, மேடை வருவதில்லை. அது ஒரு பெரிய நன்மை.

ஊழியம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறைகளின் ஜெபம் அதில் இருக்கிறது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் பட்டினி கிடந்து, நடந்தே ஊர் ஊராய்ப் போய் உண்மையாகவே ஊழியம் செய்திருக்கிறார்கள். லூக்கா 17:10இல் இயேசு சொல்லச் சொன்ன "அப்பிரயோஜனமான ஊழியக்காரர்" என்ற வார்த்தையை மனதாரச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சொல்லை மாற்றினால் மட்டும் மனம் மாறாது. பணிவிடைக்காரர் என்பதையும் நாளைக்கு ஒருவர் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். செய்ய வேண்டியது, பிரிந்துபோன பொருளை மறுபடி சேர்ப்பது.

அதற்கு ஒரு வாசிப்புப் பயிற்சி உண்டு. மத்தேயு 25:44ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நியாயத்தீர்ப்பில் இடதுபக்கத்தார் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மைப் பசியுள்ளவராகவும் தாகமுள்ளவராகவும் அந்நியராகவும் வஸ்திரமில்லாதவராகவும் வியாதிப்பட்டவராகவும் காவலில் இருப்பவராகவும் நாங்கள் எப்பொழுது கண்டு, "உமக்கு உதவிசெய்யாதிருந்தோம்?" இந்த "உதவி" மூலத்தில் தியாகோனியாவின் வினைச்சொல். மற்ற இடங்களில் வைத்த தமிழையே இங்கேயும் வைத்தால் அவர்கள் கேள்வி இப்படி இருக்கும்: "ஆண்டவரே, நாங்கள் எப்பொழுது உமக்கு ஊழியஞ்செய்யாதிருந்தோம்?"