சூரணமும் குளிகையும்: செய்முறை பிசகினால் மருந்து உடலில் சேராது

சூரணம் என்ற பொடியோ, குளிகை என்ற உருட்டிய மாத்திரையோ, விழுங்கிய மருந்து முதலில் உடைய வேண்டும், பிறகு குடல் நீரில் கரைய வேண்டும். இரத்தத்தில் சேருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூலிகைச் சரக்கு எவ்வளவு தரமானதாக இருந்தாலும், இடிப்பதிலும் அரைப்பதிலும் உலர்த்துவதிலும் கோட்டை விட்டால் பலன் குறையும்.

1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரத் துகளை 0.1 மி.மீ. துகள்களாக்கினால் ஆயிரம் துண்டுகள். நீர் படும் பரப்பு பத்து மடங்கு. வஸ்திரகாயம், அதாவது பொடியைத் துணியில் சலிப்பது, இதற்காகத்தான். சரியாகக் காயாத வேர் நார்நாராகப் பிரிந்து துணியில் இறங்காது. அந்தத் திப்பியை எறிவது பெரிய தவறு. நாரிலுள்ள சத்தும் மாவிலுள்ள சத்தும் ஒன்றல்ல, எறிந்தால் மருந்தின் சேர்மானமே மாறிவிடும். மறுபடி உலர்த்தி, இடித்து, சலித்துச் சேர்க்க வேண்டும்.

நீரில் காய்ச்சி வடித்துக் குடிப்பதற்கான கஷாயச் சூரணம் இதற்கு நேர்மாறு. மாவாக்கினால் கொதியில் கூழாகி வடிகட்ட வராது. கொரகொரப்பாகவே இருக்க வேண்டும். பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரரின் முறைப்படி ஒரு பங்குக்கு 16 பங்கு நீர், எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டும். இந்தச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டாம். பெரிய துகள்களுக்குள் இருக்கும் சத்து முழுதாக வெளிவராது.

அதிகம் பிசகுவது பாவனையில். சூரணம் முழுதும் நனையும் அளவுக்குச் சாறு விட்டு, ஈரம் வற்றும்வரை கல்வத்தில் (மருந்து அரைக்கும் கல்லில்) அரைப்பது ஒரு பாவனை. துகள் இன்னும் நுணுகும். சாற்றின் சத்து அதன்மேல் படலமாகப் படியும். ஏழு தடவைக்கான சாற்றை ஒரேயடியாக ஊற்றி வெயிலில் வைத்தால் அது ஏழு பாவனை ஆகாது. அரைப்பும் நடக்கவில்லை, நெடுநேரம் ஈரமாகக் கிடந்து புளித்தும் போகும்.

குளிகையை அவசரமாகச் சூட்டில் உலர்த்தினால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் நிற்கும். குக்குலு என்ற மரப்பிசின் சேர்ந்தவை கல்லாகிவிடும். மேற்பூச்சில்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரி நீரில் 15 நிமிடத்தில் சிதைய வேண்டும் என்பது இந்திய மருந்து நூலின் அளவுகோல். வெதுவெதுப்பான நீரில் ஒரு குளிகையைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரமாகியும் அசையாவிட்டால், பொடித்துச் சாப்பிடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

நுண்மைக்கு விலையும் உண்டு. காற்று படும் பரப்பு கூடுவதால் வாசனை எண்ணெய்கள் சீக்கிரம் பறந்துவிடும். சூரணத்துக்கு இரண்டு மாதம், குளிகைக்கு ஒரு வருடம் என்று சார்ங்கதரர் வகுத்த கெடு இதோடு பொருந்துகிறது.

உலோகம், தாது முதலியவற்றைப் புடமிட்டுச் செய்யும் பஸ்பம் நீரில் மிதந்தால் அது நுண்மைக்கான சான்று மட்டுமே, நஞ்சில்லை என்பதற்கல்ல. அதில் ஈயம் இருந்தால், நுணுக நுணுக உடலில் இன்னும் எளிதாக ஏறும். ஆய்வகச் சான்று இல்லாத பஸ்பத்தைத் தொடாதீர்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகிலுள்ள பைப்பரின் என்ற காரச் சத்து, ஃபெனிட்டாயின் (வலிப்பு மருந்து), புரோப்ரனலால் (இரத்த அழுத்த மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) ஆகியவற்றின் இரத்த அளவை ஏற்றக்கூடியது. இவற்றை உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திரிகடுகைத் தொடங்கக் கூடாது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.